இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாலே மகளுக்கு வயிறு வலிக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம்?

எறும்புக்காரி அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தமிழ்க் கதைப் புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் கூப்பிட்டாலும் காதில் விழாது. பேச்சும் அப்படித்தான், வாய் ஓயாது. ஆனால் இங்கிலீஷ் புத்தகத்தை எடு என்றால் போதும். தாகம் எடுக்கும், பாத்ரூம் வரும், பென்சில் முனை உடையும், கடைசியில் வயிறு வலிக்கும். புத்தகத்தை மூடி வைத்தால் வலி போன இடம் தெரியாது.

ஒன்றுமே வராது என்றும் சொல்ல முடியாது. ஏ முதல் இசட் வரை தெரியும். பாடத்தில் வரும் வரிகளைக் கடகடவென்று ஒப்பிப்பாள். அதே சொல் வேறொரு பக்கத்தில் வந்தால் முழிக்கிறாள். மீன் படத்துக்குக் கீழே இருந்தால் "ஃபிஷ்" என்று சொல்லிவிடுவாள். படத்தைக் கையால் மறைத்தால் எஃப், ஐ, எஸ், எச் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

அவளுக்கு உயிர் என்றால் எறும்பு, சிலந்தி, வண்டு. பூதக்கண்ணாடியோடு சுவரோரமாக உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. இந்தப் பெயர் அதனால் வைத்ததுதான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "எங்கே, இங்கிலீஷில் ஒரு ரைம் சொல்லு பார்ப்போம்." அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நான் தமிழ் வழியில் படித்தவள். வாசித்தால் புரியும், எழுதவும் செய்வேன், பேசத்தான் தயக்கம். என் உச்சரிப்பைக் கேட்டு அவளும் தப்பாகப் பழகிவிடுவாளோ என்று இருக்கிறது. வீட்டுக்காரர் டியூஷனில் சேர்த்துவிடலாம் என்கிறார். அதற்கு முன் வீட்டிலேயே, சண்டை போடாமல், அவளுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்து பார்க்கலாமா? தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

நேர்வழி எழுதியது:

ரொம்ப யோசிக்காதீர்கள். இன்று முதல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். தமிழில் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். தண்ணீர் வேண்டும் என்றாலும் இங்கிலீஷில் கேட்டால்தான் உண்டு. முதலில் அழுவாள், அப்புறம் தானாக வந்துவிடும். கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டால்தான் நீச்சல் வரும்.

மாலைவகுப்பு எழுதியது:

நேர்வழி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளையிடம் இனி தமிழ் கிடையாது என்றால் அவள் இங்கிலீஷ் பேச ஆரம்பிக்க மாட்டாள். உங்களோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொள்வாள். தமிழில் தானாக எடுத்து வாசிக்கிறாள் என்பது உங்கள் கையில் இருக்கிற பெரிய முதல், அதைப் போய்ப் பூட்டி வைக்கச் சொல்கிறார்! வரியைக் கண்ணால் தொடர்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கதையை மனதில் கட்டிக்கொண்டு போவது எல்லாம் ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கும் கூடவே வரும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979 முதல் இதைத்தான் எழுதி வருகிறார். எனவே தமிழ்க் கதைப் புத்தகத்தைக் குறைக்கவே வேண்டாம்.

நான் பல வருடங்களாக மாலை நேரத்தில் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகள் மாதிரி வயிற்று வலியோடு வருகிற பிள்ளைகள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இவர்களுக்கு இங்கிலீஷ் மேல் ஒரு வெறுப்பும் இல்லை என்பது என் அபிப்பிராயம். இங்கிலீஷ் என்றாலே யாரோ ஒருவர் கேள்வி கேட்பார், பதில் தப்பாகும், கேட்டவர் முகம் மாறும். அதுதான் பிடிக்கவில்லை. ரைம் சொல்லு, ஸ்பெல்லிங் சொல்லு, இதற்கு இங்கிலீஷில் என்ன சொல்லு. தமிழில் யாராவது அவளை நிறுத்தி வைத்து இப்படிக் கேட்கிறோமா? வீட்டில் இங்கிலீஷ் என்பது ஒரு நிரந்தரப் பரீட்சையாகிவிட்டது. பரீட்சையை எடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

அதனால் அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் அவளிடம் கேள்வியே கேட்க வேண்டாம். கேட்கத் தோன்றும், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். "இது என்ன கலர்?" கூட வேண்டாம். அது என்ன கலர் என்று உங்களுக்குத்தான் தெரியுமே, அவளுக்கும் அது தெரியும். தனக்குத் தெரிந்ததையே கேட்கிறவரைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

சரி, வேறு என்ன செய்வது? முதலில் அந்த எஃப், ஐ, எஸ், எச் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான இடம் அதுதான். தமிழில் எழுத்தைச் சொன்னாலே ஒலி வந்துவிடும். க என்ற எழுத்துக்குப் பெயரும் க, ஒலியும் க. இங்கிலீஷில் எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லுக்குள் எழுப்புகிற ஒலி வேறு. தமிழில் வாசித்துப் பழகிய பிள்ளை எஃப், ஐ, எஸ், எச் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இது எந்த நிமிடம் ஃபிஷ் ஆகப்போகிறது என்று காத்திருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் ஆகாது. உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்றீர்களே, நடுவில் காணாமல் போன அந்தப் படியைத்தான் தேடுகிறாள்.

அந்தப் படிக்குப் பெயர் ஃபோனிக்ஸ். இங்கிலீஷில் 26 எழுத்து, ஏறக்குறைய 44 ஒலி, பேசுகிற வட்டாரத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஒரு வரிசையில் சொல்லிக்கொடுப்பது வாசிப்புக்கு உதவுகிறது என்று அமெரிக்காவில் 2000-இல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கை சொன்னது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சோதனையே வைக்கிறார்கள். (சோதனை இல்லாமல் அவர்களுக்கும் ஆகாது போல.) வீட்டுக்கு அந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை.

அதோடு நமக்கு ஒரு வசதி இருக்கிறது, இங்கிலீஷ்கார அம்மாக்களுக்கு அது கிடையாது. புள்ளி. பின் என்ற இங்கிலீஷ் சொல்லின் முதல் ஒலியை மட்டும் தனியாகச் சொல்லுங்கள் என்றால் பெரியவர்களே "ப" என்பார்கள், இல்லாவிட்டால் "பு" என்பார்கள். ஒட்டிக்கொண்டு வருகிற அந்த உயிர் ஒலிதான் தொல்லை. ப, இ, ன என்று சேர்த்தால் எதுவும் உருப்படியாக வராது. உங்கள் மகளிடம் "புள்ளி வைத்த ப்" என்றால் போதும், சரியாகச் சொல்வாள். அப்புறம் ப் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்தால் பி என்பதை அவள் எப்போதோ படித்துவிட்டாள். ப், இ, ன். பின். உயிர்மெய்யைக் கடந்து வந்த பிள்ளைக்கு ஒலி சேர்ப்பது புது வேலையே இல்லை. இதை நாம்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

ஆறு எழுத்தில் ஆரம்பியுங்கள்: எஸ், ஏ, டி, பி, ஐ, என். டாப் என்பதன் டி, பென் என்பதன் பி. (தமிழில் எழுதினால் இரண்டு டியும் இரண்டு பியும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன, மன்னிக்கவும்.) பல ஃபோனிக்ஸ் பாடங்கள் இந்த ஆறில்தான் தொடங்கும், இவற்றை வைத்தே நிறையச் சொற்கள் கட்டலாம் என்பதால். பழைய அட்டையில் ஆறு துண்டு வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, சின்ன எழுத்தாக எழுதுங்கள், கேபிடல் வேண்டாம். தரையில் போட்டு நீங்களே விளையாடுங்கள். ஸ், இ, ட் என்று நகர்த்தி "சிட்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். டி, ஐ, பி என்று வைத்து "டிப்". ஏ மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணும். அதன் ஒலி ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில், வாயை அகலத் திறந்து சொல்வது. நமக்கு அதற்கு எழுத்து இல்லை. இருக்கட்டும், காதில் விழுந்து விழுந்து பழகும்.

உங்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஏ, என், டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள், சும்மா வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அவளே ஒலி சேர்த்துப் பார்ப்பாள். "ஆன்ட்"! எறும்பு! ஒரு எஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் ஒட்டினால் "ஆன்ட்ஸ்", நிறைய எறும்பு. எஸ், பி, ஐ, என் வைத்தால் "ஸ்பின்", சிலந்தி வலை பின்னுகிற வேலை. ஆறு அட்டையில் இதெல்லாம் கிடைக்கிறது.

மெதுவாக மற்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம், அவசரமில்லை. எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் இரண்டு ஒலி கிடையாது, ஒரே "ஷ்" என்பது வருகிற அன்றைக்கு உங்கள் ஃபிஷ் தானாக வாசிக்க வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கறார். புள்ளி வைத்த எழுத்தை வாயால் சொல்லுங்கள், இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொடுக்காதீர்கள். கண் தமிழுக்குத்தான் போகும், கீழே இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. தமிழில் வேகமாக வாசிக்கிற பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது வாசித்துக் காட்டுவது. நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். அவள் வாசிக்க வேண்டியதில்லை. பூச்சிகளைப் பற்றிய புகைப்படப் புத்தகமாக, படத்துக்குக் கீழே ஓரிரு வரி மட்டும் உள்ளதாகப் பாருங்கள். அவள் வயதுக்கு ரொம்பச் சுலபமாகத் தோன்றினால் அதுதான் சரியான புத்தகம். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அப்போதைக்கு மூடி வைத்துவிடலாம். வாசிக்கும்போது வரிக்கு அடியில் விரலை ஓட்டுங்கள், நடுவில் தாராளமாகத் தமிழில் பேசுங்கள். "சிக்ஸ் லெக்ஸ்" என்று வாசித்துவிட்டு, "ஆனால் இந்தப் படத்தில் ஐந்துதான் தெரியுது, ஒன்றை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது?" என்று தேடுங்கள். இந்தக் கேள்வியில் பரீட்சை இல்லை, உங்களுக்கும் விடை தெரியாது, அதனால் இது கேட்கலாம். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை என்று அவளே உங்களுக்குப் பாடம் எடுப்பாள்.

அவளே இங்கிலீஷில் ஏதாவது சொல்லி அது தப்பாக இருந்தால் திருத்த வேண்டாம். "ஆன்ட் கோ ஹோம்" என்றால், "ஓ, தி ஆன்ட் வென்ட் ஹோமா? அப்புறம்?" என்று பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் காதில் விழுந்தாயிற்று, பேச்சும் நிற்கவில்லை.

உங்கள் உச்சரிப்பைப் பற்றிய கவலையை விடுங்கள். பிள்ளைகள் ஒரே ஆளிடமிருந்து ஒலியை எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில், திரையில், ஒலிப்புத்தகத்தில் என்று பல குரல் காதில் விழும். வாரத்தில் சில நாள் ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கேளுங்கள். தெரியாத சொல்லை அவள் எதிரிலேயே அகராதியில் தட்டி, அது சொல்லுவதைக் கேட்டு, நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அம்மாவும் கற்றுக்கொள்கிறாள் என்பது பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.

டியூஷன் வேண்டாம் என்று நான் சொன்னால் என் பிழைப்பில் நானே மண் போட்ட மாதிரி. ஆனாலும் சொல்கிறேன், இப்போதைக்கு வேண்டாம்.

எறும்புக்காரி அம்மா எழுதியது:

மிக்க நன்றி அக்கா. அட்டை வெட்டியாயிற்று. நீங்கள் சொன்ன மாதிரியே ஆன்ட் என்று வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். வந்து பார்த்தாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அந்த அட்டைகள் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாசித்தாளா என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை!

மூன்று சந்தேகம். நான் வாசிக்கும்போது நன்றாகக் கேட்கிறாள், ஆனால் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்வதில்லை. இப்படியே விடலாமா? இரண்டாவது, ஒரு பக்கம் படித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு பொம்மை என்று வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். மூன்றாவது, நாம் பரீட்சையை எடுத்தாலும் பள்ளியில் டிக்டேஷன் வைக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தாத்தா எழுதியது:

அம்மா, மாலைவகுப்பு நன்றாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டுப் பக்கம் மட்டும் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். பேரனோடும் பேத்தியோடும் பொழுது போவதால் இதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

பேசாமல் இருப்பதைப் பற்றிப் பயப்படாதே. கைக்குழந்தை பேச ஆரம்பிக்கும் முன் எவ்வளவு காலம் சும்மா கேட்டுக்கொண்டே இருக்கிறது? புது மொழியிலும் பல பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மௌன காலம் உண்டு. அந்த நேரத்தில் வாயைத் திறக்க வைக்காமல் உடம்பால் பதில் சொல்ல வைக்கலாம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை ஒரு கற்பிக்கும் முறையாகவே ஆக்கினார். கட்டளையைக் கேட்டு அதன்படி செய்வது, அவ்வளவுதான். "ஸ்டாண்டு அப்", "டர்ன் அரவுண்ட்", "டச் யுவர் நோஸ்". முதலில் நீயும் கூடவே செய். அப்புறம் நீ சொல்ல அவள் மட்டும் செய்யட்டும். புரிந்தது என்பது செய்வதிலேயே தெரிந்துவிடும், தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

உண்மையான வேடிக்கை, கட்டளை போடுகிற வேலையை அவளிடம் கொடுப்பதில் இருக்கிறது. பெரியவர்களை ஆட்டிப்படைக்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? அப்பாவை நடுவில் நிறுத்திவிடு. அவள் "ஜம்ப்" என்றால் அப்பா குதிக்க வேண்டும், "ஸ்டாப்" என்று சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. என் பேத்தி ஸ்டாப் என்ற சொல்லை மட்டும் வேண்டுமென்றே மறந்துபோவாள். என் முழங்கால்தான் அதற்குச் சாட்சி.

இன்னொன்று, உன் மகளுக்கென்றே தோன்றியது. "சிலந்தி ஈயைத் தின்றது" என்று தமிழில் மூன்று துண்டுச் சீட்டில் எழுது, ஒரு சீட்டுக்கு ஒரு சொல். சீட்டுகளை எப்படி மாற்றி வைத்தாலும் தின்றது சிலந்திதான். ஈயைச் சிலந்தி தின்றது, தின்றது ஈயைச் சிலந்தி, எப்படி வைத்தாலும் ஈக்குத் தப்ப வழியில்லை. ஈயோடு ஒட்டியிருக்கிற அந்த ஐ விடாது. இப்போது "தி ஸ்பைடர்", "ஏட்", "தி ஃப்ளை" என்று இங்கிலீஷில் மூன்று சீட்டு. முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் இடம் மாற்று. ஈ எழுந்து உட்கார்ந்து சிலந்தியைத் தின்றுவிட்டது! அதை அவளை வரையச் சொல். என் பேரன் வரைந்த ஈக்குச் சிலந்தியைவிடப் பெரிய வாய், கையில் ஒரு முள்கரண்டி. அப்புறம் "தி பேபி", "தி எலிஃபன்ட்" என்று அவனே சீட்டு எழுதிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டான். இங்கிலீஷில் யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதுதான் எல்லாம். இலக்கணம் என்று ஒரு சொல் சொல்லாமலேயே அது ஏறிவிடுகிறது.

ஸ்டார் விஷயத்தில் நான் உன் வீட்டுக்காரர் பக்கம் இல்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், பிற்பாடு யாரும் எதுவும் தராத நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. விலை பேசிவிட்டால் விளையாட்டும் வேலையாகிவிடுகிறது. வாங்கிக்கொடுக்க ஆசையாக இருந்தால் காரணம் சொல்லாமல் வாங்கிக்கொடுக்கச் சொல்.

மாலைவகுப்பு எழுதியது:

ஐயாவின் ஈ விளையாட்டை நாளைக்கே என் பிள்ளைகளிடம் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், அனுமதி கேட்கப் போவதில்லை.

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போனாள் என்றால் வாசித்துவிட்டாள் என்று அர்த்தம். கேட்காமல் இருந்தீர்களே, சபாஷ்.

டிக்டேஷன் பற்றி. சொற்களை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒலியைக் கேட்டே எழுதக்கூடியவை ஒரு பக்கம்: பின், சிட், ஷிப், ஃபிஷ். இவற்றை எழுத்து எழுத்தாக மனப்பாடம் பண்ணவே வேண்டாம், ஒலி ஒலியாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். கடைசியில் ஈ வந்து ஒலியை மாற்றுகிற சொற்களும் இந்தப் பக்கம்தான். கிட் என்று எழுதிக் கடைசியில் ஓர் ஈயை ஒட்டினால் கைட். பின் என்பதோடு ஒட்டினால் பைன். பிட் என்பதோடு ஒட்டினால் பைட். ஈ எழுதிய அட்டையை ஒட்டி ஒட்டி எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு இதில் அலுக்கவே அலுக்காது. (ஐயா சொன்ன ஈ வேறு, இந்த ஈ வேறு.)

ஒலிக்கு அடங்காத சொற்கள் மறுபக்கம்: தி, செட் (சொன்னான் என்பது), வாஸ், ஒன் (ஒன்று என்பது) மாதிரி. வேதனை என்னவென்றால் அடிக்கடி வருகிறவற்றில் நிறைய இந்த ரகம். எட்வர்டு டால்ச் என்பவர் 1936-இல் சிறுவர் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைப் பட்டியல் போட்டார், பெயர்ச்சொற்களைச் சேர்க்காமல். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதிலிருந்து ஒரு நேரத்தில் இரண்டு மூன்று சொல் எடுத்தால் போதும். சொல்லைப் பார், எந்த எழுத்து ஒலிக்கு ஒத்துவராமல் வம்பு செய்கிறது என்று கண்டுபிடித்து அதன் அடியில் மட்டும் கோடு போடு, மூடு, எழுது, திறந்து ஒத்துப்பார். ஒத்துப்பார்ப்பதை அவளே செய்யட்டும். சிவப்புப் பேனா உங்கள் கையில் இருக்கவே கூடாது. பள்ளியில் டிக்டேஷன் மார்க் குறைந்து வந்தால் தப்பான சொற்களை மட்டும் எடுத்து, எந்தப் பக்கத்துச் சொல் என்று அவளோடு சேர்ந்து பிரித்து வையுங்கள். மார்க்கைப் பற்றிப் பேச்சு எடுக்க வேண்டாம்.

வீட்டில் அவள் தனக்காக எழுதுவது வேறு கணக்கு. பிடித்த பூச்சிக்கு ஒரு நோட்டு போட்டு, தேதி, படம், பக்கத்தில் "சிக்ஸ் லெக்ஸ், நோ விங்ஸ், வெரி ஃபாஸ்ட்" என்று அவள் இஷ்டத்துக்கு எழுதட்டும். அதில் ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது அவள் நோட்டு.

ரைம் கேட்கிற உறவினர்களுக்கு, பிள்ளை வாயைத் திறக்கும் முன் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். "அவள் எறும்பைப் பற்றி நிறைய வைத்திருக்கிறாள், அதைக் கேளுங்கள்" என்று. எந்த மொழியில் சொன்னாலும் சரி. பெரும்பாலான பெரியவர்களுக்குப் பிள்ளையிடம் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ரைம் கேட்கிறார்கள், பேச்சுக்கு ஒரு விஷயம் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் செய்தும், பல மாதம் கழித்தும், மூன்று எழுத்துச் சொல்லைக்கூட ஒலி சேர்த்து வாசிக்க முடியவில்லை என்றால் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, வாசிப்புச் சிரமங்களைப் பார்க்கிற நிபுணரிடம் காட்டுங்கள். தமிழில் சரளமாக வாசிப்பதால் பிரச்சினை இருக்க வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்துகிற மொழியில் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் வருகிற ஒரு கற்றல் சிரமம்) வெளியே தெரியாமல் இருந்து, இங்கிலீஷில்தான் தெரியவரும் என்பதும் உண்டு. உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரவுப்பணி அப்பா எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஆறு வயது. பேட் என்று எழுதச் சொன்னால் முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டு டேட் ஆக்கிவிடுகிறான். பாட்டிக்குக் கண்ணில் கோளாறோ என்று பயம். டாக்டரிடம் போக வேண்டுமா?

மாலைவகுப்பு எழுதியது:

ஆறு வயதில் இது சர்வசாதாரணம், ஏழு வரைக்கும்கூடப் பல பிள்ளைகள் செய்வார்கள். உலகத்தில் மற்றப் பொருள்களெல்லாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பொருள்தான். நாற்காலியை இடது பக்கம் திருப்பினாலும் நாற்காலி. இந்த எழுத்து மட்டும் திருப்பினால் வேறு ஆளாகிவிடுகிறது, பிள்ளை என்ன செய்யும்? எட்டு வயது தாண்டியும் அடிக்கடி வந்தால், அல்லது வாசிப்பே ரொம்பச் சிரமமாக இருந்தால் காட்டலாம்.

அதுவரைக்கும் ஒரு வழி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள். மடக்கிய விரல் முட்டிகள் ஒன்றையொன்று தொட வேண்டும், உள்ளங்கை தன்னைப் பார்த்து இருக்க வேண்டும். இப்போது அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கை பேட் என்பதன் முதல் எழுத்து, வலது கை டேட் என்பதன் முதல் எழுத்து, இரண்டும் சேர்ந்தால் "பெட்", படுக்கை. கட்டைவிரல்கள்தான் கட்டிலின் இரண்டு தலைப்பக்கம். சந்தேகம் வந்தால் மேஜைக்கு அடியில் கையை வைத்துப் பார்த்துக்கொள்வான், யாருக்கும் தெரியாது. இன்னொன்று, இந்த இரண்டு எழுத்தையும் ஒரே நாளில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்று நன்றாகக் கையில் நிற்கட்டும், அடுத்ததை அப்புறம் எடுக்கலாம்.

பாட்டியின் மன நிம்மதிக்காகக் கண்ணைப் பரிசோதிப்பதில் தப்பில்லை.